நீங்கள் எந்தப் பிணைப்பு ரகம்? அதற்கு முன், எதைக்கொண்டு அளந்தீர்கள்?

பத்துப் பதினைந்து கேள்விக்கு டிக் போட்டால் "உங்கள் பிணைப்பு ரகம் இதுதான்" என்று ஒரு பெட்டிக்குள் போட்டுத் தருகிற சோதனைகள் இப்போது எல்லாருடைய கைபேசியிலும் சுற்றுகின்றன. திருகோணமலையிலும் அப்படித்தான். கணவன் கட்டாரில், மனைவி உப்புவெளியில். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்து இரண்டு மணித்தியாலமாகியும் பதில் இல்லை என்றால் நெஞ்சு படபடக்கிறது, உடனே ஒரு சோதனையைச் செய்து பார்த்துவிட்டு "நான் பாதுகாப்பற்ற ரகம், சின்ன வயதில் அம்மா சவூதிக்குப் போனதால் வந்தது, இனி மாறாது" என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த ஒரு வசனத்துக்குள் மூன்று விஷயம் ஒளிந்திருக்கிறது. ரகம் என்று ஒன்று உண்டு, அது குழந்தைப் பருவத்தில் உண்டானது, அது மாறாது. மூன்றையும் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக அளந்து பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். ஆனால் "ஆமா, இல்லை" என்று ஒரு சொல்லில் பதில் வராது, ஏனென்றால் எந்த வயதில், எதைக்கொண்டு, எத்தனை வருட இடைவெளியில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்துப் பதிலே மாறுகிறது. இந்தக் கட்டுரை அந்த அளவுகோல்களைப் பற்றியது.

முதலில் பிணைப்பு என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்ப்போம், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஜான் போல்பி பிரித்தானிய மனநல மருத்துவர். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வீடிழந்து நின்ற பிள்ளைகளின் மனநிலை பற்றி உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதால் 1951இல் ஓர் அறிக்கை எழுதினார். பால் கொடுக்கிறபடியால்தான் குழந்தை தாயோடு ஒட்டுகிறது என்பது அப்போது பரவலாக இருந்த எண்ணம். போல்பி அதை ஏற்கவில்லை. பயம், களைப்பு, வருத்தம் வந்தால் தன்னைக் காக்கக்கூடிய ஒரு குறிப்பிட்ட ஆளிடம் போய்ச் சேர வேண்டும் என்ற உந்துதல் மனிதக் குட்டிக்குப் பரிணாமத்தால் வந்தது, பசியோடு சேர்ந்த ஒரு பக்க விளைவு அல்ல என்றார். அந்த ஆள் கைகொடுப்பாரா மாட்டாரா என்று குழந்தை தன் அனுபவத்திலிருந்து ஒரு எதிர்பார்ப்பைக் கட்டிக்கொள்கிறது, பிற்காலத்து உறவுகளுக்குள்ளும் அதே எதிர்பார்ப்போடுதான் நுழைகிறது. அந்த ஆளோடு உண்டாகிற ஒட்டுதலைத்தான் பிணைப்பு என்கிறார்கள், இதுதான் பிணைப்புக் கோட்பாட்டின் மையம்.

பின்னேரம் டச் பே கடற்கரையில் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை தாயின் மடியை விட்டு இறங்கும், அலையை நோக்கி நாலடி வைக்கும், திரும்பி ஒரு பார்வை பார்க்கும், அம்மா இருக்கிறா என்று தெரிந்ததும் இன்னும் நாலடி போகும். தெருநாய் ஒன்று கிட்ட வந்தால் மடிக்கு ஒரே ஓட்டம். கொஞ்ச நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பவும் இறங்கும். உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த் 1950களின் நடுப்பகுதியில் உகண்டாவில், கம்பாலாவுக்கு அண்மையிலிருந்த கிராமங்களில், வீடு வீடாகப் போய் மாதக்கணக்கில் பார்த்து எழுதிவைத்தது இந்தப் போக்குவரத்தைத்தான். பிறகு அமெரிக்காவில் பால்டிமோரில் 26 குடும்பங்களை, பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு வயதுவரை, குடும்பத்துக்குச் சுமார் 72 மணித்தியாலம் வீட்டில் இருந்தே கவனித்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எயின்ஸ்வர்த் என்றாலே எல்லாரும் 20 நிமிடச் சோதனையைத்தான் சொல்கிறார்கள். அந்த 20 நிமிடத்துக்கு ஏதாவது மதிப்பு இருக்கிறது என்றால், அது வீட்டில் பார்த்த 72 மணித்தியாலத்தோடு ஒத்துப்போனதால் வந்த மதிப்பு.

அந்தச் சோதனைக்கு அந்நியச் சூழல் சோதனை என்று பெயர். ஏறக்குறைய 12 முதல் 18 மாதப் பிள்ளைகளுக்கு. பழக்கமில்லாத ஓர் அறை, நிலத்தில் விளையாட்டுச் சாமான், தாயும் பிள்ளையும். எட்டுக் கட்டம், பெரும்பாலும் கட்டத்துக்கு மூன்று நிமிடம். தெரியாத பெண் ஒருத்தி உள்ளே வருவாள், தாய் வெளியே போவார், திரும்பி வருவார், பிறகு இன்னொருமுறை போவார், இந்தமுறை பிள்ளை கொஞ்ச நேரம் தனியாக இருக்கும், கடைசியில் தாய் திரும்ப வருவார். பிள்ளை அந்தரப்பட்டால் கட்டத்தைச் சுருக்கிவிடுவார்கள்.

பிரிவில் அழுகிற பிள்ளை பாதுகாப்பற்றது, அழாத பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்று நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அழுகைக்குப் புள்ளி போடுவதில்லை, முக்கியமாகப் பார்ப்பது தாய் திரும்பி வந்த பிறகு பிள்ளை என்ன செய்கிறது என்பதைத்தான். கிட்டப் போகிறதா, தூக்கினால் ஒட்டிக்கொள்கிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, தூக்கச் சொல்லிக் கையை நீட்டிவிட்டுத் தூக்கியதும் உதைக்கிறதா? பயிற்சி பெற்றவர்கள் வீடியோவைப் பார்த்து இந்த நான்குக்கும் 1 முதல் 7 வரை புள்ளி போடுவார்கள். கிட்டப் போய் ஆறுதல் வாங்கிக்கொண்டு விளையாட்டுக்குத் திரும்பினால் பாதுகாப்பான பிணைப்பு. தாயைக் காணாதது போலச் சாமானோடு இருந்துவிட்டால் தவிர்ப்பு. ஒட்டவும் செய்து கோபமும் பட்டு ஆறாமலே இருந்தால் பதகளிப்பு, சிலர் இதை எதிர்ப்பு ரகம் என்றும் சொல்வார்கள். 1980களில் மேரி மெயினும் ஜூடித் சொலமனும் இந்த மூன்றிலும் அடங்காத பிள்ளைகளுக்கு நாலாவது ஒன்றைச் சேர்த்தார்கள்: தாயை நோக்கிப் போகத் தொடங்கி நடுவில் உறைந்து நிற்பது, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே கிட்ட வருவது மாதிரி ஒழுங்கு குலைந்த நடத்தை.

தவிர்ப்புப் பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு அது. வெளியே பார்த்தால் அமைதியாக இருக்கிற அந்தப் பிள்ளையின் இதயத்துடிப்பை 1970களில் ஆலன் ஸ்ரூஃபும் எவரெட் வாட்டர்ஸும் அளந்து பார்த்தார்கள். பிரிவின்போது அதற்கும் துடிப்பு ஏறியது. பயம் அப்படியே இருக்கிறது, காட்டிப் பயனில்லை என்று பிள்ளை பழகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, பாதுகாப்பற்ற பிணைப்பு நோய் அல்ல. மேற்கத்திய நடுத்தரக் குடும்பங்களில் எடுத்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பாதுகாப்பான ரகம் அறுபது சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது, மிச்சம் நாற்பதை மற்ற மூன்றும் பங்குபோடுகின்றன. பத்தில் நாலு பிள்ளைக்கு இருக்கிற ஒன்றைக் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது.

சரி, இந்தச் சோதனையை அப்படியே தூக்கிக்கொண்டு தம்பலகாமத்துக்கோ கிண்ணியாவுக்கோ வந்தால் என்ன ஆகும்? பிள்ளை இரவில் தாய்க்குப் பக்கத்தில்தான் படுக்கிறது, பகலில் அம்மம்மா, சித்தி, பக்கத்து வீட்டு மாமி என்று கை மாறிக்கொண்டே இருக்கிறது, தனி அறையில் தனியாக மூன்று நிமிடம் என்பது அதன் வாழ்க்கையில் ஒருமுறையும் நடக்காத காரியம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்தப் பிரிவு மெல்லிய சோதனையாக இருக்காது, பேரதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஜப்பானில், சப்போரோவில், இதே சிக்கல் வந்தது. அங்கே பதகளிப்பு ரகம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தது, தவிர்ப்பு ரகம் ஒன்றுகூட வரவில்லை. கெய்கோ தக்காஹாஷி 1986இல் இதைப் பற்றி எழுதியபோது, தாயை விட்டுப் பிரிந்து பழக்கமே இல்லாத பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை அளவுக்கு மீறிய கடுமை என்று காட்டினார். அதற்காகச் சோதனையைக் குப்பையில் போடத் தேவையில்லை. 1988இல் வான் ஐசென்டோர்னும் குரூனன்பர்க்கும் எட்டு நாடுகளின் 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது நாட்டுக்கு நாடு இருந்த வித்தியாசத்தைவிட ஒரே நாட்டுக்குள் ஆய்வுக்கு ஆய்வு இருந்த வித்தியாசம் ஒன்றரை மடங்கு கூட. ஆனபடியால் "ஜப்பான்காரர் இப்படி, தமிழர் அப்படி" என்று கோடு கிழிப்பதும் சரிவராது.

வீட்டிலேயே வைத்து அளக்கிற வழியும் உண்டு. வாட்டர்ஸ் உருவாக்கிய 90 அட்டை முறை அது. பார்வையாளர் சில மணித்தியாலம் வீட்டில் இருந்து பார்ப்பார், பிறகு ஒவ்வோர் அட்டையிலும் எழுதியிருக்கிற நடத்தை இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பொருந்தும் என்று அட்டைகளை அடுக்குவார், அந்த அடுக்கு பாதுகாப்பான பிள்ளைக்கு நிபுணர்கள் வரைந்த அடுக்கோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஓர் எண் வரும். ரகம் வராது, எண்தான் வரும். கூட்டுக் குடும்பம் உள்ள இடங்களுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

வளர்ந்தவர்களிடம் வந்தால் அளவுகோல் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது, குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்று நேர்காணல். 1980களின் நடுவில் மேரி மெயினும் அவருடைய கூட்டாளிகளும் கலிஃபோர்னியாவில் உருவாக்கியது. ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுக்கும். "சின்ன வயதில் உங்கள் தாயோடு இருந்த உறவைச் சொல்ல ஐந்து சொற்கள் தாருங்கள்" என்று கேட்பார்கள், பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சம்பவம் கேட்பார்கள். "பாசமானவர்" என்று சொன்ன ஆளிடம் பாசத்துக்கு ஒரு உதாரணம் கேட்டால் "அது... எல்லா அம்மாமாரையும் போலத்தான்" என்று நழுவினால் அது ஒரு குறி. பத்து வயதில் நடந்த சண்டையை நேற்று நடந்தது போல் கோபத்தோடு சொல்லிக்கொண்டே போய்க் கேள்வியையே மறந்துவிட்டால் அது இன்னொரு குறி. இங்கே புள்ளி கிடைப்பது பிள்ளைப் பருவம் நல்லதா கெட்டதா என்பதற்கு அல்ல, அதைப் பற்றி ஒருவர் எவ்வளவு கோர்வையாக, ஒன்றுக்கொன்று முரணில்லாமல் பேசுகிறார் என்பதற்கு. மூதூரிலிருந்து 2006இல் இடம்பெயர்ந்து, முகாமில் தாயின் சிடுசிடுப்போடு வளர்ந்த ஒரு ஆள், அந்தச் சிடுசிடுப்புக்கு என்ன காரணம், தனக்கு அது எப்படி இருந்தது என்று நிதானமாகச் சொன்னால் பாதுகாப்பான பிரிவுக்குள் வருவார். அடி உதை இல்லாமல் வளர்ந்த இன்னொருவர் வராமலும் போகலாம்.

இரண்டாவது வினாக்கொத்து. 1980களின் நடுவில் சிண்டி ஹாசனும் பிலிப் ஷேவரும் டென்வரில் ஒரு செய்தித்தாளில் "காதல் வினாடி வினா" ஒன்றைப் போட்டார்கள். மூன்று சிறு பந்திகள், எது உங்களுக்குப் பொருந்தும் என்று தெரிவுசெய்து அனுப்ப வேண்டும். அனுப்பியவர்களில் பாதிக்குச் சற்று மேல் பாதுகாப்பான பந்தியையும், கால்வாசிப் பேர் தவிர்ப்பையும், மிச்சம் ஐந்தில் ஒரு பங்கு பதகளிப்பையும் தெரிவுசெய்திருந்தார்கள். இன்று கைபேசியில் வருகிற எல்லாச் சோதனைக்கும் பாட்டன் அந்தச் செய்தித்தாள் பக்கம்தான்.

ஆனால் ஆய்வாளர்கள் அந்த முறையை விட்டு எப்போதோ நகர்ந்துவிட்டார்கள். 1998இல் பிரென்னன், கிளார்க், ஷேவர் மூவரும் அதுவரை இருந்த கேள்விகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள், அடியில் இரண்டே இரண்டு அளவுதான் ஓடுகிறது என்று தெரிந்தது. ஒன்று பதகளிப்பு: என்னை விட்டுப் போய்விடுவாரோ, என் அளவுக்கு என்மேல் அன்பில்லையோ என்ற பயம். மற்றது தவிர்ப்பு: ஆட்கள் கிட்ட வந்தால் அந்தரம், மனதில் உள்ளதைச் சொல்லத் தயக்கம், யாரையும் நம்பியிருக்க விருப்பமின்மை. பதகளிப்புக்கு 18, தவிர்ப்புக்கு 18, மொத்தம் 36 கூற்று. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி, சில கூற்றுகளைத் தலைகீழாக எண்ண வேண்டும், பிறகு இரண்டு சராசரி. இரண்டும் குறைவாக இருந்தால் அதைத்தான் பாதுகாப்பு என்கிறோம். அதே ஆண்டில் ஃபிரேலியும் வாலரும் புள்ளிவிபர முறையில் சோதித்து, வளர்ந்தவர்களின் பிணைப்பு பெட்டி பெட்டியாகப் பிரிந்து கிடக்கவில்லை, தொடர்ச்சியான அளவில்தான் பரவியிருக்கிறது என்று காட்டினார்கள்.

இது ஏன் முக்கியம்? ஒரு கணக்குப் பாருங்கள். பதகளிப்பில் 4க்கு மேல் வந்தால் "பதகளிப்பு ரகம்" என்று ஒரு சோதனை கோடு போட்டு வைத்திருக்கிறது. கவிதாவுக்கு 3.9, ரிஸ்வானாவுக்கு 4.1, இன்னொரு ஆளுக்கு 6.8. பெட்டிக் கணக்கில் ரிஸ்வானாவும் 6.8காரரும் ஒரே ரகம், கவிதா வேறு ரகம். உண்மையில் கவிதாவுக்கும் ரிஸ்வானாவுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அடுத்த மாதம் ரிஸ்வானா நித்திரை நன்றாகக் கொண்டு, நல்ல மனநிலையில் திரும்பச் செய்கிறார், 3.8 வருகிறது. "என் ரகம் மாறிவிட்டது!" ஒன்றும் மாறவில்லை, கோட்டின் மேல் நின்ற ஆள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்திருக்கிறார், அவ்வளவுதான். காலப்போக்கில் அளக்கும்போது பெட்டி முறை பொய்யான மாற்றத்தைக் காட்டும், உண்மையான மாற்றத்தை மறைக்கவும் செய்யும் (6.8இலிருந்து 4.3க்கு இறங்கினாலும் பெட்டி அதேதான்).

நேர்காணலும் வினாக்கொத்தும் ஒன்றையே அளக்கின்றனவா? ராய்ஸ்மனும் கூட்டாளிகளும் 2007இல் இரண்டையும் ஒரே ஆட்களுக்குக் கொடுத்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். தொடர்புக் கெழு (இரண்டு அளவும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று சொல்லும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.09. பூச்சியத்துக்குப் பக்கம். ஒன்றில் பாதுகாப்பானவர் என்று வந்தவர் மற்றதில் என்னவாக வருவார் என்று ஊகிக்கவே முடியாது என்று அர்த்தம். ஒன்று கடந்தகாலத்தைப் பற்றி ஆள் பேசுகிற விதத்தை அளக்கிறது, மற்றது இன்றைய உறவைப் பற்றி ஆள் தன்னைத் தானே என்ன சொல்கிறார் என்பதை அளக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால் வந்த வினை.

இப்போது காலத்துக்கு வருவோம். கிளினிக்கில் பிள்ளையின் நிறையை மாதாமாதம் நிறுத்து வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள் அல்லவா. அந்தக் கோட்டை நம்பலாம், ஏனென்றால் ஒரு மாதத்திலும் அறுபதாம் மாதத்திலும் நிறைதான் அளக்கிறார்கள், கிலோ கிலோதான். பிணைப்பில் அந்த வசதி கிடையாது. ஒரு வயதில் வீடியோவில் பதிந்த நடத்தை, இருபது வயதில் ஒரு மணித்தியாலப் பேச்சு, முப்பது வயதில் 36 கூற்று. முதல் புள்ளி நிறை, அடுத்த புள்ளி உயரம், அதற்கடுத்தது தலைச் சுற்றளவு என்று ஒரே தாளில் வைத்துக் கோடு இழுத்தால் அந்தக் கோடு ஏறினாலும் இறங்கினாலும் என்னத்தைச் சொல்லும்? அதனால்தான் இந்தத் துறையில் "மாறியதா?" என்று கேட்க முன்பு "இரண்டு தடவையும் எதை அளந்தீர்கள்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அப்படியும் முயன்றவர்கள் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு வாட்டர்ஸும் கூட்டாளிகளும் ஒரு வயதில் சோதித்த 50 பேரை இருபது வருடம் கழித்து நேர்காணல் செய்தார்கள். பாதுகாப்பு, பாதுகாப்பின்மை என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் 72 சதவீதம் அதே பக்கத்தில் இருந்தார்கள். இந்த எண்ணைத்தான் "பிணைப்பு மாறாது" என்பவர்கள் தூக்கிப் பிடிக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். இரண்டு தடவையும் அறுபது சதவீதம் பேர் பாதுகாப்பானவர்களாக இருப்பார்கள் என்றால், சீட்டுக் குலுக்கிப் போட்டாலும் 52 சதவீதம் தற்செயலாகவே பொருந்தும் (0.6 × 0.6, அதோடு 0.4 × 0.4). ஆக 72 என்பதை 0இலிருந்து அல்ல, 52இலிருந்து பார்க்க வேண்டும். தொடர்ச்சி இருக்கிறது, தலையெழுத்து அளவுக்கு இல்லை. இன்னொரு விபரம், இடையில் பெற்றோரின் மரணம், விவாகரத்து, உயிருக்கு ஆபத்தான நோய் மாதிரி பெரிய அடி விழுந்ததாகத் தாய்மார் சொன்ன பிள்ளைகளில் 44 சதவீதம் மாறியிருந்தார்கள், விழாதவர்களில் 22 சதவீதம்தான்.

அதே ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து வேறு கதை வந்தது. எக்லண்டும் ஸ்ரூஃபும் 1970களின் நடுப்பகுதியிலிருந்து தொடர்ந்து பார்த்துவந்த, வறுமையும் நெருக்கடியும் நிறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். அங்கே ஒரு வயதுக்கும் 19 வயதுக்கும் இடையில் தொடர்ச்சி ஏறக்குறைய இல்லை. இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன். வாழ்க்கை நிலையாக இருந்தால் பிணைப்பும் நிலையாக இருக்கும், வாழ்க்கை ஆட்டம் கண்டால் பிணைப்பும் ஆடும். 2013இல் பின்குவார்ட்டும் கூட்டாளிகளும் 127 ஆய்வறிக்கைகளைத் தொகுத்ததில் சராசரித் தொடர்பு 0.39 வந்தது, இடைவெளி 15 வருடத்தைத் தாண்டினால் பொருட்படுத்தக்கூடிய தொடர்ச்சி எதுவும் தெரியவில்லை.

நிலையாக இருப்பது என்பதிலேயே இரண்டு வகை இருக்கிறது, கட்டுரைகளில் இதைத்தான் அதிகம் குழப்புகிறார்கள். ஐந்து நண்பிகள், இருபது வயதில் பதகளிப்பு 6, 5, 4, 3, 2 என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதில் 5, 4, 3, 2, 1. எல்லாரும் மாறிவிட்டார்கள், ஆனால் வரிசை அப்படியே இருக்கிறது. வரிசையைப் பார்க்கிற ஆய்வு "நூறு வீதம் நிலையானது" என்று சொல்லும், சராசரியைப் பார்க்கிற ஆய்வு "எல்லாரும் முன்னேறினார்கள்" என்று சொல்லும், இரண்டும் உண்மை. சோபிக்கும் கூட்டாளிகளும் 2019இல் 13 முதல் 72 வயது வரையான தரவுகளைக் கோர்த்துப் பார்த்தபோது, விடலைப் பருவத்தில் உயர்ந்திருக்கிற பதகளிப்பு நடுவயதுக்குப் பிறகு இறங்கிக்கொண்டு வருவது தெரிந்தது. ஆகவே 19 வயதில் வந்த எண்ணை வைத்து வாழ்நாளுக்கும் முடிவெடுக்க வேண்டாம்.

பழைய எதிர்பார்ப்பு முழுதாக அழிந்து புதியது வருகிறதா, அல்லது அடியில் கிடந்து ஆளைத் திரும்பத் தன் பக்கம் இழுக்கிறதா? ஃபிரேலி இதைப் பிடிக்க நல்ல வழி கண்டார்: ஒரே கேள்விகளை ஒரே ஆட்களிடம் அடிக்கடி கேட்பது. 2011இல் வெளிவந்த ஆய்வில் ஒரு குழுவிடம் 30 நாள் தினமும், இன்னொரு குழுவிடம் ஒரு வருடம் வாராவாரம் கேட்டார்கள். பழையது அழிகிறது என்றால் இடைவெளி கூடக் கூடத் தொடர்பு பூச்சியத்தை நோக்கி விழ வேண்டும். விழவில்லை, ஓரளவு குறைந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது. நாளுக்கு நாள் ஏறி இறங்கினாலும் ஒவ்வொருவருக்கும் திரும்பிப் போகிற ஒரு தளம் இருக்கிறது. 2021இல் அவரும் கூட்டாளிகளும் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வாழ்க்கைச் சம்பவங்களைப் பற்றியும் கேட்டார்கள். ஆராய்ந்த சம்பவங்களில் பாதிக்கு உடனடி மாற்றம் தெரிந்தது, சராசரியாக ஆட்கள் பழைய இடத்துக்கே திரும்பினார்கள், ஆனால் கால்வாசிச் சம்பவங்கள் நீடித்த மாற்றத்தை விட்டுப்போயின. ஒரே சம்பவம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவும் இல்லை.

திருகோணமலைக்காரருக்கு இந்த இடம் உறைக்கும். 1990இல் போர், 2004 டிசம்பர் 26இல் சுனாமி, 2006இல் திரும்பவும் போர் என்று இங்கே ஒரு தலைமுறைக்கே சம்பவங்களுக்குக் குறைவில்லை. அதற்காக "போர்க்காலப் பிள்ளைகள் எல்லாம் பாதுகாப்பற்ற ரகம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அது அளக்காமல் சொன்ன பேச்சு. சம்பவம் நடந்த நேரத்தில் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் இருந்தார், அதற்குப் பிறகு யார் இருந்தார் என்பதுதான் போல்பியின் கோட்பாட்டில் முதல் கேள்வி. வெளிநாட்டுக்குப் போன தாய்மார் விஷயமும் இப்படித்தான். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மாரைத் தடுப்பதற்காக 2013இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கத் தொடங்கியது, தகப்பன்மாரிடம் அதைக் கேட்கவில்லை. பிணைப்பு தாயிடம் மட்டும் ஏற்படுவதல்ல, அம்மம்மாவிடம் ஏற்படும், தகப்பனிடம் ஏற்படும், ஒரே பிள்ளை ஒருவரிடம் பாதுகாப்பாகவும் இன்னொருவரிடம் தவிர்ப்பாகவும் இருக்கலாம்.

"நான் கஷ்டப்பட்டு வளர்ந்தேன், ஆனால் இப்போது சரியாகிவிட்டேன்" என்று சொல்கிறவர்கள் உண்மையில் மாறியவர்களா? நேர்காணலில் அப்படி வந்தவர்களை மினசோட்டாத் தரவில் தேடிப்பிடித்து, குழந்தைப் பருவத்தில் உண்மையில் என்ன பதிவாகியிருந்தது என்று ராய்ஸ்மன் 2002இல் பார்த்தார். அவர்களில் பெரும்பாலோர் குழந்தையாக இருந்தபோது பாதுகாப்பற்றவர்களாக இருந்ததற்கான தடயம் இல்லை, தாய்மாரிடமிருந்து நல்ல ஆதரவும் கிடைத்திருந்தது. நினைவில் இருக்கிற குழந்தைப் பருவமும் பதிவில் இருக்கிற குழந்தைப் பருவமும் ஒன்றல்ல. காலப்போக்கில் மாற்றத்தைப் பார்க்க வேண்டும் என்றால் முன்னுக்கே அளந்து வைத்திருக்க வேண்டும், பின்னால் திரும்பிக் கேட்டுப் பயனில்லை.

உங்களையே நீங்கள் அளந்து பார்க்க விரும்பினால், ரகம் சொல்லும் சோதனையை விட்டு இரண்டு எண்ணும் தருகிற வினாக்கொத்தைத் தேடுங்கள். 36 கூற்று அலுப்பு என்றால் ஒன்பதே கூற்றுள்ள வடிவமும் இருக்கிறது, அதில் தாய், தகப்பன், துணை, நெருங்கிய நண்பர் என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் சொல்லலாம். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற, இன்னும் காதல் அனுபவம் இல்லாத ஆள் "என் துணை" என்ற கேள்விக்கு யாரை நினைத்துப் பதில் சொல்வது என்று முழிக்கத் தேவையில்லை. சில மாதம் விட்டு அதே கேள்விகளைத் திரும்பச் செய்யுங்கள், சண்டை பிடித்த அன்று இரவு செய்ய வேண்டாம். தசமத்தில் வருகிற ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், பல தடவை ஒரே திசையில் போனால் அப்போது யோசிக்கலாம்.

பிள்ளைகளிடம் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குழந்தை அழுகிறதா என்று பார்ப்பது அந்நியச் சூழல் சோதனை ஆகாது. அந்தச் சோதனையே குழுக்களை ஒப்பிடுவதற்காக உருவாக்கியது, ஒரு தனிப் பிள்ளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குத் துல்லியம் அதற்கு இல்லை. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்குகளில் பிணைப்பு ஆய்வைத் தவறாகக் கையாள வேண்டாம் என்று 2021இல் இந்தத் துறையின் 70 ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதவேண்டி வந்ததும் இந்தக் காரணத்தால்தான். நீதிமன்றத்துக்கே பொருந்தாத அளவுகோலை முன்பள்ளி வாசலில் நின்று "இந்தப் பிள்ளை தவிர்ப்பு ரகம்" என்று சொல்ல எடுப்பது எந்த வகையில் சரி?